பணம் கட்டும் முன் பழைய படங்களைத் திறந்து பாருங்கள்: ஜிஆர், எக்ஸ்100 வைத்திருப்பவர்களுக்கு

ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100விஐ 2024 பிப்ரவரியில் அறிமுகமானது. ரிக்கோ ஜிஆர் 4 கடைக்கு வந்தது 2025 செப்டம்பரில். இரண்டும் தெருவில் நடப்பதைப் படமெடுக்கும் தெருப் படக்காரர்களின் கேமரா: லென்ஸ் கழற்ற முடியாது, உடம்பு சிறியது, உள்ளே இருப்பதோ பெரிய கேமராக்களில் வரும் அதே அளவு ஏபிஎஸ்-சி சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு). பழைய மாடல் வைத்திருப்பவர்கள் "மாத்தலாமா?" என்று கேட்கும்போது மெகாபிக்சலையும், கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனையும்தான் காரணமாகச் சொல்கிறார்கள். தெருப் படத்துக்கு மிகக் குறைவாக உதவுகிறவை அந்த இரண்டும்தான். மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. அவை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன.

கடைசியாக எடுத்ததில் நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்த 100 படங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு வெட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஜிஆர் 3-ன் பார்வைக் கோணம் 28 மி.மீ. லென்ஸுக்குச் சமம் (இந்த எண் கூடினால் பார்வை குறுகும்), முழுப் படத்தின் அகலம் 6000 பிக்சல். வெட்டிய பிறகு அகலம் 4200 பிக்சலைச் சுற்றியே நிற்கிறதென்றால், முழு அகலத்தில் 70 சதவீதத்தைத்தான் வைத்துக்கொள்கிறீர்கள். 28-ஐ 0.7-ஆல் வகுத்தால் 40. அதாவது உங்கள் கண் 40 மி.மீ.யில் பார்க்கிறது, கையில் இருப்பது 28. பரப்பளவில் பாதி போய்விடுவதால் 24 மெகாபிக்சலில் மிஞ்சுவது 12-க்கும் குறைவு. இப்படிப்பட்டவருக்கு 2021-ல் வந்த ஜிஆர் 3எக்ஸ் உண்மையான மேம்பாடு. அதன் லென்ஸே 40-க்குச் சமம். ஜிஆர் 4 வாங்கினால் மறுபடியும் 28-தான், மறுபடியும் வெட்டல்தான். 35-க்கு அருகில் வெட்டுகிறவர்கள், லென்ஸ் 35-க்குச் சமமான எக்ஸ்100 பக்கம் பார்க்கலாம். ஆனால் எடை ஜிஆர் 3-ன் 257 கிராமிலிருந்து எக்ஸ்100விஐ-யின் 521 கிராமுக்குப் போகும். சட்டைப்பையில் இருந்த கேமரா கழுத்துக்கு வந்துவிடும். கழுத்தில் தொங்கும் கேமராவைத் தெரு வேறு மாதிரி பார்க்கிறது.

அடுத்து, கழித்துப் போட்ட படங்கள். அழிக்காமல் வைத்திருந்தால் அவைதான் பெரிய பாடம். கலங்கிய படங்களை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கலங்கலில் மூன்று ரகம் உண்டு. சுவர், தூண், ஆள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். சுவர் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஆள் மங்கி, பின்னால் உள்ள கடைப் பலகை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடம் அது. ஸ்டெபிலைசேஷன் முதல் ரகத்தை மட்டுமே சரிசெய்யும். தெருவில் அந்த ரகம் சொற்பம்.

இரண்டாவது ரகத்துக்குக் கணக்கு இருக்கிறது. சாதாரணமாக நடக்கிறவர் நொடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் போகிறார். 1/60 நொடியில் 23 மி.மீ. நகர்ந்துவிடுவார். 2 மீட்டர் தூரத்தில் குறுக்கே நடக்கிறார் என்றால், ஜிஆர் 3-ன் சென்சாரில் அது சுமார் 55 பிக்சல் இழுப்பு. முகம் கரைந்துவிடும். 1/250-ல் 13 பிக்சல். 1/500-ல் 6 அல்லது 7. சென்சார் எத்தனை அச்சில் ஆடி ஈடுகட்டினாலும் நடக்கிறவரின் காலை நிறுத்த அதனால் முடியாது. ஆகவே ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) ஆட்டோவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 என்று வையுங்கள், பகலில் 1/500. பெரும்பாலான கேமராக்கள் கடையிலிருந்து வரும்போது இது 1/60-க்குக் கீழேகூடப் போகும்படிதான் இருக்கும். ஐஎஸ்ஓ ஏறும், படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழும். மணல் விழுந்த கூர்மையான முகத்தை அச்சுப் போடலாம், இழுபட்ட முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது ரகத்துக்குப் புதிய கேமராவைவிடப் பழைய வழக்கமே நல்ல மருந்து. ஜிஆர் வரிசையில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒன்று உண்டு: 1.5 மீட்டர், 2 மீட்டர், 2.5 மீட்டர் என்று தூரத்தை முன்கூட்டியே பூட்டி வைக்கலாம். மெனுவில் முழு அழுத்த ஸ்னாப்பையும் ஆன் செய்துவிட்டால், பட்டனைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் அழுத்தும்போது கேமரா ஃபோகஸ் தேடாது. பூட்டிய தூரத்தில் அப்படியே எடுத்துவிடும். லென்ஸ் துளையின் அளவைச் சொல்வது எஃப் எண், எண் கூடினால் துளை சிறியது. எஃப்/8, 2 மீட்டர் என்று வைத்தால் 28-க்குச் சமமான லென்ஸில் 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை ஏற்றுக்கொள்ளும் கூர்மையில் இருக்கும். எஃப்/5.6 என்றால் 1.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை. லென்ஸை முழுக்கத் திறந்து எஃப்/2.8-ல் வைத்தால் 1.5 முதல் 3 மீட்டர் மட்டும்.

இங்கேதான் 3எக்ஸுக்கு மாறுகிறவர்கள் அடி வாங்குகிறார்கள். அதே எஃப்/8, அதே 2 மீட்டர் வைத்தால் அங்கே கிடைப்பது 1.4 முதல் 3.7 மீட்டர் வரைதான். 28-ல் பழகிய கை அதே அமைப்பைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் மாதம் முழுக்கப் பின்னணி மங்கும், கேமராவில் கோளாறு என்று தோன்றும். தூரத்தை 2.5 மீட்டருக்குத் தள்ளினால் 1.6 முதல் 6 மீட்டர் வரை வரும். எக்ஸ்100-ன் 23 மி.மீ. லென்ஸில் (பார்வையில் 35-க்குச் சமம்) எஃப்/8, 2 மீட்டருக்கு 1.25 முதல் 5 மீட்டர். இந்த எண்களெல்லாம் நடுத்தர அச்சு அளவை வைத்துப் போட்டவை. 40 மெகாபிக்சல் படத்தைத் திரையில் 100 சதவீதத்தில் பார்த்தால் எல்லை இன்னும் சுருங்கித் தெரியும்.

மெகாபிக்சலைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் அதிகமில்லை. முந்தைய மாடலான எக்ஸ்100வி-யின் 26-லிருந்து விஐ-யின் 40-க்குப் போனால் ஃபைல் அளவு ஒன்றரை மடங்கு ஏறும். 50 மி.மீ. பார்வைக்கு வெட்டினால் 20 மெகாபிக்சல் மிஞ்சும், அது ஒரு வசதிதான். லென்ஸ் இரண்டிலும் ஒன்றே. வி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் விஐ-க்கு மாறத் தேவையில்லை என்பதே என் முடிவு. 2017-ல் வந்த எக்ஸ்100எஃப் வைத்திருப்பவர்கள் விஷயம் வேறு: புதிய லென்ஸ், மடங்கும் திரை, மழைத் தூறலைத் தாங்கும் உடம்பு மூன்றும் சேர்ந்து கிடைக்கும். அந்தத் தாங்கும் சக்தி லென்ஸ் முன்னால் அடாப்டர் வளையமும் 49 மி.மீ. பாதுகாப்பு ஃபில்டரும் மாட்டினால்தான் முழுமை. அவை மாட்டாமல் மழையில் இறங்கி கேமராவை நனைத்தவர்கள் நிறைய. ஜிஆரில் எந்த மாடலுக்கும் மழைக் காப்பு கிடையாது.

வெயிலில் திரை தெரியவில்லை என்பதும் நியாயமான காரணம். ஜிஆரில் கண் வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் இல்லை. சென்னை, மதுரை உச்சி வெயிலில் பின்திரை வெறும் கண்ணாடிதான். முதலில் வெளிப்புறப் பார்வை அமைப்பில் திரை வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மேலே ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் செருகும் ஆப்டிகல் வ்யூஃபைண்டர் போதும். ஸ்னாப் ஃபோகஸ் பழகியவருக்குத் திரையே தேவைப்படாது.

விலைச்சீட்டில் வராத செலவுகளையும் பாருங்கள். ஜிஆர் 2-ன் டிபி-65 பேட்டரி 3-ல் போகாது. 3-ன் டிபி-110, 4-ல் போகாது, அதற்கு டிபி-120. ஜிஆர் 3-ல் ஒரு பேட்டரிக்கு சுமார் 200 படம் என்பது அதிகாரபூர்வ எண்ணிக்கை, அதனால் யாரும் ஒன்றோடு நிற்பதில்லை. கையில் உள்ள மூன்று பேட்டரியும் ஒரே நாளில் வீணாகும். 4-ல் கார்டும் மைக்ரோ எஸ்டிக்கு மாறிவிட்டது. எக்ஸ்100 வரிசையில் எக்ஸ்100டி மாடல் வரை என்பி-95 பேட்டரி, எக்ஸ்100எஃப் முதல் என்பி-டபிள்யூ126எஸ். ஜிஆர் 2-ல் உள்ளேயே இருந்த ஃபிளாஷ் 3-லும் 4-லும் இல்லை. இரவில் ஃபிளாஷ் போட்டு நெருக்கமாக எடுக்கிறவர்கள் அதை இழந்த பிறகுதான் உணர்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மலிவாக வாங்கி வருவதிலும் கவனம் தேவை. உத்தரவாதம் பெரும்பாலும் விற்ற நாட்டோடு நின்றுவிடும். லென்ஸும் சென்சாரும் ஒரே மூட்டையாக இருக்கும் கேமராவில் சின்னப் பழுதுக்கும் முழு உடம்பையும் பிரிக்க வேண்டும் என்பதால் பழுதுபார்ப்பு பெரிய தொகை.

அந்தப் பழுதுகளில் முதலிடம் தூசிக்கு. ஜிஆரை அணைத்தால் லென்ஸ் உள்ளே போகும், போட்டால் வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் அந்தக் குழல் சைக்கிள் பம்பு மாதிரி காற்றை இழுத்துத் தள்ளுகிறது. கேமரா இருப்பது ஜீன்ஸ் பாக்கெட்டில் என்றால் இழுபடும் காற்றில் பஞ்சும் நூல் துணுக்கும் இருக்கும். குழலின் வளையங்களுக்கு இடையே நுழைந்து ஒருநாள் சென்சார் கண்ணாடியில் உட்காரும். லென்ஸ் கழற்றும் கேமராவில் ஊதிவிடலாம். இதில் கைக்கு எட்டாது.

தூசி எஃப்/2.8-ல் தெரியாது. துளை அகலமாக இருக்கும்போது ஒளி பல கோணங்களிலிருந்து வந்து துகளின் நிழலைக் கலைத்துவிடும். எஃப்/8, எஃப்/11 என்று சிறுக்கச் சிறுக்க நிழல் இறுகிப் புள்ளியாக விழும். தெருவுக்கு எஃப்/8 வைப்பதால் நம்மிடம் இது முன்னதாகவே மாட்டும். வானத்திலோ வெள்ளைச் சுவரிலோ ஒரே இடத்தில், படத்துக்குப் படம், சாம்பல் நிற வட்டம்.

பழைய கேமரா வாங்கப் போகும்போது இதைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். ஐஎஸ்ஓ 100, எஃப்/16, கையால் ஃபோகஸை மிகத் தொலைவுக்குத் தள்ளுங்கள். போனில் வெள்ளைத் திரை வைத்து, வெளிச்சம் 1 ஸ்டாப் (அதாவது இரட்டிப்பாக) கூட்டி, எடுக்கும்போதே கேமராவை லேசாக அசையுங்கள். திரையின் கோடுகள் கரைந்துவிடும், சென்சாரில் இருப்பது மட்டும் அசையாமல் நிற்கும். இரண்டு படம் எடுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் அது சென்சார் தூசி. கருப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் ஒளிந்திருப்பதும் வெளியே வரும். ஓரத்தில் ஒன்றிரண்டு என்றால் எடிட்டிங்கில் துடைக்கலாம். நடுவில் கொத்தாக இருந்தால், சர்வீஸ் சென்டரில் முதலில் சுத்தம் செய்யும் கட்டணத்தைக் கேட்டு, அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். லென்ஸின் வெளியே தெரியும் தூசிக்குப் பயப்பட வேண்டாம், அது படத்தில் விழாது.

அங்கேயே கேமராவைப் பத்துப் பதினைந்து தடவை போட்டு அணையுங்கள். குழல் வரும் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் திணறினாலோ கரகரத்தாலோ மணல் போயிருக்கிறது அல்லது கீழே விழுந்திருக்கிறது. ஜிஆர் 3-ல் பின்புறச் சக்கரத்தை ஒவ்வொரு கிளிக்காகச் சுற்றி, திரையில் எண் தாவுகிறதா, பின்னுக்குப் போகிறதா என்று பாருங்கள். தேய்ந்த சக்கரம் முதலில் காட்டும் அறிகுறி அது. போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்தால் பூஞ்சை இருந்தால் சிலந்தி இழை மாதிரி தெரியும். அதை விலை குறைத்தாலும் வாங்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. வெறும் பாக்கெட்டில் போடாமல், நூல் உதிராத மெல்லிய உறையில் வையுங்கள். அந்த உறையை வாரம் ஒருமுறை உள்வெளியாகப் புரட்டி உதறுங்கள். லென்ஸ் வெளியே வந்த நிலையில் கேமராவைத் தலைகீழாக, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ரப்பர் ஊதுபந்தால் குழலின் இடுக்குகளைச் சுற்றி ஊதித் துடைத்த பிறகே அணையுங்கள். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்றை அடிக்காதீர்கள், தூசியை இன்னும் உள்ளே தள்ளும். வாக்யூம் கிளீனரை லென்ஸ் முன் வைத்து உறிஞ்சுவதாக ஒரு வழி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது மெல்லிய ஷட்டர் இதழ்களையும் சேர்த்து இழுக்கும்.

கடலோர ஊர்களில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். மூடி இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பத மீட்டரும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் போதும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே போய் லென்ஸைத் திறந்தால், இழுபடும் சூடான ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் உள்ளேயே வியர்க்கும். ஜிப் பையில் போட்டு அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக்கிவிட்டு ஆன் செய்யுங்கள்.

எல்லாம் பார்த்து மாற்றுவதென்றே முடிவானால், பழையதை விற்கும்போது கார்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஜிஆர் 3-ல் 2 ஜிபி உள் நினைவகம் இருக்கிறது, 4-ல் 53 ஜிபி. கார்டு இல்லாமல் ஒருநாள் எடுத்த படங்கள் அதிலேயே கிடக்கும். கார்டை வெளியே எடுத்துவிட்டு உள் நினைவகத்தை ஃபார்மட் செய்யுங்கள், வயர்லெஸ் இணைப்புகளை நீக்குங்கள். காப்புரிமைத் தகவலில் உங்கள் பெயரைப் போட்டிருந்தால் அதையும் காலி செய்யுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் உங்கள் பெயர் பதிந்துகொண்டே இருக்கும்.