காசநோயாளியை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்: சேத்துப்பட்டு எப்போதோ சொன்ன பதில்

மறுபடியும் அதேதான். சளியில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்து மாத்திரை தொடங்கிய பெண் ஒருவர். சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டு, பசியெடுக்க ஆரம்பித்திருந்தது. அப்புறம் ஆளைக் காணோம். மாதங்கள் கழித்து வந்தபோது எடை இன்னும் இறங்கியிருந்தது, சளியில் திரும்பவும் கிருமி. விசாரித்தால் மாமியார் சொல்கிறார்: "கைக்குழந்தை இருக்கிற வீடு டாக்டரம்மா, ஒட்டிக்கக் கூடாதேன்னு அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பி வச்சோம்." அம்மா வீடு வேறு மாவட்டம். மாத்திரை கொடுக்கும் மையம் இங்கே, சாப்பிட வேண்டியவர் அங்கே. யாரிடமும் சொல்லாமல் போனதால் நடுவில் சிகிச்சை நின்றுவிட்டது. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையையும் பிரித்துவிட்டார்கள்.

இதை எத்தனை குடும்பங்களில் பார்த்துவிட்டேன்! கணவரை மாடி அறையில் பூட்டாத குறையாக வைப்பது, தாத்தாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கல்லூரிப் பெண்ணை விடுதியிலிருந்து காலி செய்யச் சொல்வது. வேறு ஊராக இருந்தால்கூட மனசு ஆறும். காசநோயாளியை வீட்டை விட்டு வெளியே அனுப்பத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் சென்னை. அந்தப் பதில் நம் ஊர் வீடுகளுக்குள் மட்டும் இன்னும் நுழையவில்லை.

அனுப்பும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது பாட்டிமார் கிளப்பிவிட்ட மூடநம்பிக்கை இல்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்ன ஆலோசனை. காசநோய்க்கு மருந்தே இல்லாத நாட்களில் ஓய்வு, சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு மூன்றும்தான் சிகிச்சை. அதற்காகத்தான் ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டினார்கள். மின்சார ரயிலில் நாம் தினமும் தாண்டிப் போகும் தாம்பரம் சானடோரியம் நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். 1928-ல் அந்த சானடோரியத்தைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். ராமானுஜன் 1920-ல் இறந்தது நம் சென்னை சேத்துப்பட்டில். (அவருக்கு வந்தது காசநோய்தானா, ஈரலில் அமீபா தாக்குதலா என்ற சந்தேகம் பின்னாளில் மருத்துவர்களிடையே எழுந்தது. அது தனிக்கதை.) தாம்பரம் சானடோரியத்தை 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனை.

1952-ல் ஐசோநயசிட் வந்தது. விலை குறைந்த மாத்திரை, வாயால் சாப்பிடலாம். நோய் அடங்கவும் செய்தது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு சானடோரியப் படுக்கைகள் ஒரு மூலைக்கும் காணாது. மாத்திரையை வீட்டிலேயே கொடுத்தால் என்ன? பணக்கார நாடுகளிலேயே அப்போது பலர் தயங்கிய கேள்வி இது. குடிசையில், ஒரே அறையில், அரைவயிறு சாப்பிட்டு வாழ்கிறவருக்கு வீட்டில் குணமாகுமா? அவரோடு படுத்துறங்கும் பிள்ளைகளின் கதி என்ன?

இதைச் சோதித்துப் பார்க்கத்தான் 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என நான்கு தரப்பு சேர்ந்து நடத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை மக்களில் 193 நோயாளிகள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் முறைதான் தீர்மானித்தது. இரு தரப்புக்கும் அதே ஐசோநயசிட், கூடவே பி.ஏ.எஸ். என்ற இன்னொரு காசநோய் மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு முழு ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. வீட்டில் இருந்தவர்களுக்கு அதே நெரிசல், அதே கஞ்சி, பலருக்கு அதே வேலை. மாத்திரையை உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். அந்த ஊழியர்களின் உழைப்பைப் பற்றி எங்கள் துறைக்கு வெளியே யாரும் பேசுவதில்லை.

1959-ல் முடிவு வெளிவந்தது. குணமானதில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். அவர்கள் நோயாளிகளோடு நிறுத்தவில்லை, வீட்டிலிருந்த மற்றவர்களையும் ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்து சிகிச்சை பெற்ற குடும்பங்களில், நோயாளியை சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகம் பேருக்கு நோய் வந்தது என்று இல்லை. ஏன்? பரவ வேண்டியது பெரும்பாலும் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே பரவிவிடுகிறது. "வெறும் இருமல்தான்" என்று மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்த அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் வீட்டாருக்குத் தொற்றுகிறது. அப்போது ஒரே பாயில் படுத்திருந்தீர்கள். நோய்க்குப் பெயர் வைத்து, சரியான மருந்து கொடுத்து, பரவும் தன்மை வேகமாகக் குறையத் தொடங்கும் நேரத்தில் ஆளை வெளியே அனுப்புகிறீர்கள். ஆபத்தான நாட்களில் கூடவே வைத்திருந்து, ஆபத்து குறையும்போது ஒதுக்குகிறீர்கள்!

தட்டு, டம்ளர் விஷயமும் இதுதான். நுரையீரல் காசநோய் காற்றில் பரவுகிறது. இருமும்போது வெளிவரும் நுண்துளிகளைச் சுவாசித்தால் வரும். அவர் சாப்பிட்ட தட்டால் வராது. அவர் துணியைத் துவைத்தால் வராது. அவர் சமைத்ததைச் சாப்பிட்டால் வராது. கைகொடுத்தால், கட்டிப்பிடித்தால் வராது. தட்டைத் தனியாக வைத்துவிட்டு ஜன்னலை இறுக்கி மூடிவைக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. தட்டைச் சேருங்கள், ஜன்னலைத் திறங்கள். எங்களுக்கு அது போதும்.

அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். ஆனால் முட்டையும் பாலும் மாத்திரையின் இடத்தை நிரப்பாது. அதே சேத்துப்பட்டு மையமும் பங்கெடுத்து 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரைகள் கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறைய 40% குறைந்தது. வீட்டில் எல்லோரும் வயிறார சாப்பிடுவதுதான் நோய்த்தடுப்பு. நோயாளிக்கு அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. வங்கிக் கணக்கு விவரம் கொடுக்காமல் அதை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்களும் உண்டு. மிக மெலிந்தவர், மூச்சு வாங்குகிறவர், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாதவர். 2022 முதல் தமிழ்நாட்டில் இவற்றைத் தொடக்கத்திலேயே பார்த்து, தேவைப்படுகிறவரை அனுமதிக்கிறோம். அது அவர் உயிரைக் காப்பாற்ற, ஊரிலிருந்து ஒதுக்க இல்லை.

சரி, செய்ய வேண்டியவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை, அரசு மையத்தில் இலவசம். எச்சில் வேண்டாம், ஆழ இருமி வரும் சளி வேண்டும். மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு லிவோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக்கை வாங்கிப் போடாதீர்கள். அது காசநோயை மறைத்து, எங்களையும் ஏமாற்றும். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் தனியாகப் படுத்தால் போதும். மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். கண்ட இடத்தில் துப்பாதீர்கள். சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகளைத் தட்டிக்கழிக்காதீர்கள். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயம் வேண்டாம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே வாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள், காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுத்துவிடும். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். குடியை விடுங்கள். எங்கள் ஊழியர் எதிரில் மாத்திரை போடச் சொன்னால் கோபப்படாதீர்கள். கண்ணெதிரே கொடுக்கும் அந்த முறையையும் இதே சேத்துப்பட்டு மையம்தான் 1960-களில் ஆராய்ந்து காட்டியது. ஊர் மாறியே ஆகவேண்டும் என்றால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், போகிற ஊரின் மையத்துக்கு மாற்றிக்கொடுக்கிறோம்.

குழந்தைகளுக்காகப் பயப்படும் அத்தைமார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாயை அனுப்ப வேண்டாம், குழந்தையை எங்களிடம் கொண்டுவாருங்கள். எடை பார்ப்போம், தேவையானால் எக்ஸ்ரே எடுப்போம். நோய் இருந்தால் சிகிச்சை, இல்லையென்றால் வராமல் தடுக்க மாத்திரை. இரண்டும் இலவசம். தாய்க்குச் சாதாரண மருந்துகளே கேட்கிறபோது தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், முகக்கவசத்தோடு கொடுக்கட்டும். வீட்டில் யாருக்காவது நோய் உறுதியானால், அந்த வாரமே வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.