வாயில்லாத பூச்சி மரத்தைவிட்டு வெளியே வருவது எப்படி?

தாண்டிக்குடிப் பக்கம் காப்பி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் இரண்டு படங்களை அனுப்பிக் கேட்டிருந்தார். முதல் படத்தில், விரல் தடிமன் தண்டில் வட்டமாக ஓர் ஓட்டை, செடியின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னதாகப் புழுக்கை. இரண்டாவதில், அதே மாதிரி ஓர் ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத் தோல் ஒன்று பாதி வெளியே, பாதி உள்ளே என்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. "இது கரையானா, வண்டா? உள்ளே இருந்த புழு வெளியே வரும்போது சிக்கிச் செத்துப்போச்சா?" என்பது அவர் கேள்வி.

கரையானும் இல்லை, வண்டும் இல்லை, எதுவும் சாகவும் இல்லை. அது ஓர் அந்துப்பூச்சி விட்டுச்சென்ற கூட்டுப்புழுத் தோல். சிவப்புத் தண்டுத் துளைப்பான் என்று தோட்டக்காரர்கள் சொல்லும் ஸூஸெரா காஃபியே. வெள்ளைச் சிறகில் கருநீலப் புள்ளிகள் இறைத்த, பார்க்க அழகான பூச்சி. இப்போது சிலர் இதை வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆனால் பழைய பெயரே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் வாழ்ந்த ஜான் நீட்னர் என்ற ஜெர்மானியர் 1861ல் இதை விவரித்துப் பெயரிட்டார். அப்போது அங்கே காப்பி கொழித்துக்கொண்டிருந்தது, இலைத்துரு நோய் வந்து எல்லாவற்றையும் துடைத்தது 1869க்குப் பிறகுதான்.

வண்டு இல்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், அராபிகா காப்பியைப் படுத்தும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான்தான் வண்டு. அதன் புழு, குடைந்த தூளையெல்லாம் சுரங்கத்துக்குள்ளேயே இறுக அடைத்துக்கொண்டு போகும், வெளியே தள்ளாது. வளர்ந்த வண்டுக்குத் தாடை இருப்பதால் தானே கடித்துத் துளைத்து வெளியேறிவிடும், ஓட்டையில் தோல் மாட்டி நிற்காது. புழுக்கை கீழே கொட்டிக் கிடந்து, ஓட்டையில் தோலும் நீட்டிக்கொண்டிருந்தால் அந்துப்பூச்சி. அந்தக் கிளையைப் புழு இருக்கும் இடத்துக்குக் கீழே வரை வெட்டி எரித்துவிட வேண்டியதுதான்.

இந்தத் தோல் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் அதற்கு வருவதற்கு முன் குடும்பத்தைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திவிடுகிறேன். தச்சு அந்துப்பூச்சிகள் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்தக் குடும்பத்துக்கு அறிவியல் பெயர் காஸிடே. 1815ல் லீச் என்ற ஆங்கிலேயர் வைத்த குடும்பப் பெயர். 2011ல் உலகின் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிக் குடும்பங்களையெல்லாம் கணக்கெடுத்தபோது இதில் 151 பேரினங்கள், 971 இனங்கள் இருந்தன. அதற்குப் பிறகும் புதியவை சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு.

உருவத்தில் இவற்றின் வீச்சு பெரிது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சௌத் வேல்ஸ் பகுதிகளில் வாழும் எண்டாக்ஸிலா சினேரியஸ் என்பதன் பெண்பூச்சி 30 கிராம் வரை எடை இருக்கும், விரித்த சிறகு 23 சென்டிமீட்டரைத் தொடும். உலகிலேயே கனமான அந்துப்பூச்சி இதுதான். 2021ல் குயின்ஸ்லாந்தின் மவுண்ட் காட்டன் பள்ளிக் கட்டட வேலையில் இருந்தவர்கள் ஒன்றைக் கண்டு படம் எடுக்க, அது உலகம் முழுக்கச் செய்தியாயிற்று. அதன் நெருங்கிய சொந்தமான எண்டாக்ஸிலா லூக்கோமோக்லாவின் புழுவை மத்திய ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவகை அகேசியாச் செடியின் வேரிலிருந்து தோண்டி எடுத்துச் சாப்பிடுகிறார்கள், பச்சையாகவும் தணலில் வாட்டியும். மெக்சிகோவில் மெஸ்கால் என்னும் சாராயப் புட்டிக்குள் ஒரு புழு கிடக்குமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுவா, கூன்வண்டின் புழுவா என்று பல காலம் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023ல் பல புட்டிகளிலிருந்து புழுக்களை எடுத்து டிஎன்ஏ பார்த்தபோது, அடையாளம் தெரிந்த எல்லாமே கோமாடியா ரெட்டன்பாக்கரி என்ற ஒரே இனம் என்று தெரிந்தது, கற்றாழை வகைச் செடியான அகேவைக் குடைந்து வாழ்வது. நம்மூரில் வெற்றிலைக் கொடிக்காலுக்கு அகத்தி நடுகிறவர்களுக்குத் தெரிந்த அகத்தித் தண்டுத் துளைப்பானும் (அஸைகோஃப்ளெப்ஸ் ஸ்கலாரிஸ்) இதே குடும்பம்.

ஐரோப்பாவின் ஆட்டு அந்துப்பூச்சியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காஸஸ் காஸஸ். புழுவிடம் கிடாவின் மொச்சை வீசும், அதனால் அந்தப் பெயர். சட்டம் படித்துவிட்டு, நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் அரசு வேலையில் இருந்த பியர் லியோனே என்பவர் 1760களின் தொடக்கத்தில் இந்த ஒரு புழுவை மட்டும் அறுத்துப் பார்த்து ஒரு தடித்த நூல் எழுதினார், படங்களையும் தானே செதுக்கினார். ஒரு புழுவின் உடலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தசைகளை அவர் எண்ணிவைத்தார். மனிதனுக்கு அறுநூற்றுச் சொச்சம்தான். அவர் படங்கள் மிகைப்படுத்தியவை என்று அந்தக் காலத்தில் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் அவை சரியானவைதான்.

சரி, தோலுக்கு வருவோம்.

இந்தக் குடும்பத்தில் வளர்ந்த பூச்சிக்கு வாய் என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. மற்ற அந்துப்பூச்சிகளுக்குத் தேன் குடிக்கச் சுருள் உறிஞ்சுகுழல் இருக்குமே, அது இங்கே இல்லை, இருந்தாலும் எதற்கும் உதவாத எச்சமாக இருக்கும். கடிக்கத் தாடையும் இல்லை. புழுப் பருவத்தில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துச் சில நாள் பறந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். சேர்க்கிற காலமோ நீளம். மரத்தில் மாவுச்சத்து, நார்ச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு, அதனால் ஆட்டு அந்துப்பூச்சிப் புழு மூன்று நான்கு வருடம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. காப்பிப் புழுவுக்கு வெப்பமண்டலச் சூடு கைகொடுப்பதால் சில மாதங்களில் வேலை முடிந்துவிடும். ஆக, பலமான தாடை உள்ள புழு உள்ளே போகிறது, தாடையே இல்லாத மென்மையான சிறகுப்பூச்சி வெளியே வர வேண்டும், நடுவில் இருப்பதோ கெட்டியான மரம்.

இதற்கான விடையில் முதல் பாதியைப் புழுவே செய்துவிடுகிறது. கூட்டுப்புழுவாக மாறும் காலம் நெருங்கும்போது, அது உள்நோக்கிக் குடைவதை நிறுத்திவிட்டு வெளிப்புறத்தை நோக்கி ஒரு வழி வெட்டும், பட்டை வரைக்கும். சில இனங்கள் பட்டையின் மேல்தோலை மட்டும் காகிதக் கனத்தில் மிச்சம் வைக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை இருப்பதே தெரியாது. வேறு சில ஓட்டையை முழுக்கத் திறந்து, பட்டுநூலும் மரத்தூளும் சேர்த்து ஒரு தளர்வான அடைப்பை வைக்கும். அப்புறம் கொஞ்சம் உள்ளே பின்வாங்கி, தலை வாசலைப் பார்த்தபடி இருக்குமாறு அமர்ந்து, கூட்டுப்புழுவாகும். இனிமேல்தான் கிடைக்கப்போகும் ஓர் உடலுக்கான கதவை, தாடை இருக்கும்போதே அது வெட்டிவைத்துவிடுகிறது. திட்டம் போட்டுச் செய்வதில்லைதான், கோடிக்கணக்கான வருடத் தேர்வு இப்படி வடித்துவைத்திருக்கிறது. தலையை உள்பக்கம் வைத்துக் கூடான புழுக்களின் பூச்சிகள் வெளியே வந்திருக்காது, வாரிசும் இருந்திருக்காது.

இரண்டாம் பாதி இன்னும் அற்புதம். கூட்டுப்புழு நடக்கும். கால் கிடையாது, இருக்கிற கால்களும் சிறகுகளும் உடம்போடு ஒட்டி உறைக்குள் இருக்கின்றன, ஆனாலும் நகரும். அந்தத் தோலைக் கையில் எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். வயிற்றில் வளையம் வளையமாக இருக்கும் பகுதிகளான கண்டங்களின் முதுகுப் பக்கத்தில் குறுக்கே வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள், எல்லாமே பின்னோக்கிச் சாய்ந்தவை, பல கண்டங்களில் இரண்டு வரிசைகூட இருக்கும். விரலைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் சொரசொரவென்று பிடிக்கும். கண்டங்களுக்கு இடையில் வளையக்கூடிய மெல்லிய தோல் இருப்பதால் வயிறு நீளும், சுருங்கும், முறுக்கும். பனையேறுபவர் காலில் தளை மாட்டி ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: கீழே பிடிமானம் இறுகியிருக்கும்போது உடம்பு மேலே போகும், மேலே பிடித்துக்கொண்டு காலை இழுத்துக்கொள்வார். கூட்டுப்புழுவும் பின்கண்டங்களின் முட்களைச் சுரங்கச் சுவரில் ஊன்றி உடலை நீட்டும், தலை முன்னே போகும், பிறகு முன்கண்டங்களின் முட்கள் பிடித்துக்கொள்ள, வாலை இழுத்துக்கொள்ளும். முட்கள் பின்னோக்கி இருப்பதால் சறுக்கித் திரும்பி வருவதில்லை. வாசலை அடைந்ததும் தலை நுனியின் கெட்டியான முனை அந்த மெல்லிய மூடியைக் குத்தித் திறக்கும்.

அதற்கப்புறம் ஒரு நுணுக்கம். முழுவதும் வெளியே வந்தால் தரையில் விழுந்துவிடும். பாதி வந்ததும் நின்றுவிடுகிறது. வால்பகுதி முட்கள் ஓட்டைக்குள் இறுகப் பிடித்திருக்க, மார்புப் பகுதி வெடித்து, பூச்சி அந்த நிலைத்த உறையிலிருந்து தன்னை உருவிக்கொண்டு வெளியேறுகிறது. உறை ஆடிக்கொண்டிருந்தால் உருவ முடியாது. வெளியே வந்து தண்டைப் பற்றிக்கொண்டு சிறகை விரித்து உலர்த்தும். வாசகர் படத்தில் "சிக்கிக்கொண்டதாக" தெரிவது, சிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிக்கிய தோல். ஆஸ்திரேலியாவில் வேரைக் குடையும் இனங்களின் கூட்டுப்புழுக்கள் இதே முறையில் மண்ணைத் துளைத்து மேலே வருகின்றன, தரையிலிருந்து தோல்கள் நட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த நடக்கும் கூட்டுப்புழுவுக்கும் வகைப்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வண்ணத்துப்பூச்சி, பட்டுப்பூச்சி, பருந்து அந்துப்பூச்சி போன்றவற்றின் பெருங்கூட்டத்தில் கூட்டுப்புழுவின் முன்வயிற்றுக் கண்டங்கள் ஒட்டி இறுகிவிட்டன. பின்பகுதியைச் சற்று ஆட்டும், இப்படி வெளியே நடந்து வராது. காஸிடே அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஆனால் இங்கேதான் பழைய ஆய்வாளர்கள் தடுமாறினார்கள். நகரும் கூட்டுப்புழு என்பது ஆதி அந்துப்பூச்சிகளிலிருந்தே வரும் பழைய குணம். இவற்றின் சிறகின் நடு அறைக்குள் ஓடும் நரம்பும் அப்படித்தான், மற்றவை பல தொலைத்துவிட்டதை இவை வைத்திருக்கின்றன. பழையதைத் தொலைக்காமல் இருப்பது இரண்டு பூச்சிகள் ஒரே வம்சக் கிளையில் பிறந்தவை என்பதற்குச் சான்றாகாது. புதிதாக ஒன்றைச் சேர்ந்து பெற்றிருந்தால்தான் சான்று. காஸிடே பெரும்பாலும் "பெரிய உடம்பு, பழைய நரம்பு, மரத்துளைப்பு" என்ற அளவில் சேர்த்துவைத்த குடும்பம், அதனால் டிஎன்ஏ ஆய்வுகள் வந்தபோது அது ஒரே கிளையாக நிற்கவில்லை. குளவி வேடம் போட்டுப் பகலில் பறக்கும் கண்ணாடிச் சிறகிகள் (செஸிடே), அமெரிக்க வெப்பமண்டலத்தில் வண்ணத்துப்பூச்சி போலவே திரியும் காஸ்ட்னிடே எல்லாம் இதன் கிளைகளுக்கு இடையில் புகுந்துகொண்டன. வளர்ந்த பூச்சியில் அவ்வளவு வித்தியாசம், புழுவைப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் ஏதோ ஒரு தண்டையோ வேரையோ குடைந்துகொண்டிருக்கும்.

நம் கொய்யா, மா, முருங்கை மரங்களில் பட்டை தின்னும் புழு இருக்கிறதே, இந்தார்பெலா, அதுவும் இந்த இழுபறியில் மாட்டியது. பகலில் சிறு பொந்தில் பதுங்கி, இரவில் வெளியே வந்து பட்டையைச் சுரண்டித் தின்னும். மென்ற பட்டையும் புழுக்கையும் பட்டுநூலில் கோத்து, மரத்தின் மேல் நாடா மாதிரி ஒரு கூரை போட்டு, அதற்குள்ளேயே நடமாடும். இதைச் சிலர் காஸிடேக்குள் துணைக்குடும்பமாக வைக்கிறார்கள், சிலர் மெட்டார்பெலிடே என்று தனிக் குடும்பமாக வைக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

காய்த்துக் குலுங்கிய மரம் திடீரென்று வாடினால் கண்பட்டுவிட்டது என்று பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுவதை இன்றும் பார்க்கிறோம். இதை நான் சும்மா விட மாட்டேன். அதே மரத்தின் அடியில் புழுக்கை கொட்டிக் கிடக்கும், பட்டையில் அந்த நாடா தெரியும், குனிந்து பார்த்தால் போதும், கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்துவிடலாம். செருப்பு கட்டிக் காத்திருக்கும் நாட்களில் புழு பட்டையைத் தின்றுகொண்டே மரத்தைச் சுற்றிவந்துவிடுகிறது.

ஆராய்ச்சிப் பணம் பற்றியும் ஒரு கோபம் உண்டு. எந்த மருந்தை எத்தனை மில்லி அடிப்பது என்ற சோதனைக்கு எளிதில் பணம் கிடைக்கிறது. புழுவை வளர்த்து, எந்தப் புழு எந்தப் பூச்சியாகிறது என்று சேர்த்துப் பார்க்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலான ஆய்வுத் திட்டங்கள் இரண்டு மூன்று வருடம், சில புழுக்களுக்கு அது ஒரு தலைமுறைக்கே காணாது. அதனால் இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சிக்கிய பூச்சியாக மட்டுமே தெரியும், எந்த மரத்தைக் குடைகிறது என்பது தெரியாது.

அப்படி உட்கார்ந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தேக்கு நல்ல உதாரணம். மியான்மர், தாய்லாந்துத் தேக்கைக் குடைவது ஸைல்யூட்டஸ் செராமிகா. மரத்தைக் கொல்லாது, பலகையில் பெரிய ஓட்டைகளை விட்டு விலையைக் குறைக்கும். கேரளத் தேக்குத் தோட்டங்களில் குடைவது அதே குடும்பத்தின் வேறொரு இனம், அல்க்டெரோகிஸ்டியா கடம்பே. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் இதன் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தபோது, ஊர் ஓரத்துத் தோட்டங்களில், தழைக்கும் விறகுக்கும் கிளை வெட்டிய காயங்கள் வழியாகத்தான் இது மரத்துக்குள் நுழைகிறது என்பது தெரிந்தது. ஒருமுறை நுழைந்த மரத்தையே திரும்பத் திரும்பத் தாக்கிக் கடைசியில் பட்டுப்போகச் செய்துவிடும். இரண்டையும் வெறும் தேக்குத் துளைப்பான் என்று ஒரே பெயரில் எழுதி மருந்து தேடிக்கொண்டிருந்தால் கிளை வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்ற யோசனை யாருக்கும் வந்திருக்காது.