பிரேக் டிஸ்க்கில் விரிசல்: தண்ணீர் மேல் போடும் பழி

புனித வெள்ளித் திருவிழாவுக்கு தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் உள்ள மவுன்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவிலுக்கு ஜொகானஸ்பர்க் பக்கமிருந்து காரில் கிளம்பும் குடும்பம், 1,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கி வருகிறது. வண்டி கொள்ளாத ஆட்கள், டிக்கி நிறையச் சாமான். என்-3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய், ஹில்டன் தாண்டியதும் டவுன் ஹில், டர்பனை நெருங்கும்போது கீ ரிட்ஜ் என்று இறக்கங்களுக்குக் குறைவில்லை. ஊர் வந்தபின் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கும். சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் பிரேக் டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டத் தட்டில் உள்ள விரிசலைக் காட்டி, "சூடா இருக்கும்போது தண்ணி பட்டிருக்கும்" என்பார். பல நேரம் அது வாய்க்கு வந்த காரணம்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போவதற்குள் சாலை 400 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. 400 மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை 7 முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இதில் காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைத்தால் இன்ஜினும் வாங்கிக்கொள்ளும். கியரைத் தொடாமல் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் மீதி முழுக்க டிஸ்க்குகள் தலையில்தான், அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. தனி பிரேக் இல்லாத சின்ன டிரெய்லரைப் பின்னால் மாட்டியிருந்தால் அதன் எடையும் சேர்ந்துகொள்ளும்.

பெரும்பாலான கார்களில் டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு. அதில் 3 முதல் 4 சதவீதம் கார்பன். பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் சிதறிக் கிடக்கும். அந்தச் செதில்கள் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் அவற்றுக்குப் பலம் கிடையாது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் பிளவுகள் மாதிரிதான். அதனால் இந்த இரும்பை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது.

பிரேக் மிதித்ததும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைதான் பேட். அது உரசும் மேல்பரப்பு சில நொடிகளில் சூடேறி விரியப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு இன்னும் அந்த அளவுக்குச் சூடாகவில்லை, விரிய விடாது. நெருக்கப்பட்ட மேல்பரப்பு நசுங்கி, நிரந்தரமாகவே கொஞ்சம் குறுகிவிடுகிறது. அப்போது விரிசல் விழாது. இறக்கம் முடிந்து டிஸ்க் ஆறும்போதுதான் வினை. குறுகிப்போன மேல்பரப்பு மேலும் சுருங்கப் பார்க்கிறது. உள்ளே உள்ள இரும்பு அதைப் பிடித்து இழுக்கிறது. ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்ப நடந்தால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகள் விழத் தொடங்கும். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் இந்தக் கடைசி இழுப்பு கடுமையாகும், உண்மைதான். ஆனால் மழையில் ஓடுவதற்கென்றே செய்த பொருள் அது. அளவுக்கு மீறிச் சூடாகாத டிஸ்க்கைத் தண்ணீர் ஒன்றும் செய்துவிடாது.

சரி, எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரிசல் எந்தச் சக்கரத்தில், எந்தத் திசையில் என்று பார்க்க வேண்டும். முன்சக்கரம் இரண்டிலும் ஒரே மாதிரிக் கோடுகள், பரப்பில் நீலம் ஓடியிருக்கிறது என்றால் டிஸ்க் சுமார் 300 டிகிரி செல்சியஸையாவது தொட்டிருக்கிறது. ஓட்டிய விதத்தையும் சுமையையும்தான் கேட்க வேண்டும். இரும்பு தேய்ந்து மெலிந்திருந்தாலும் இதே கதிதான், வெப்பத்தை வாங்கிவைக்க ஆள் குறைவு. அங்கங்கே வட்டமாகக் கருத்த புள்ளிகள் இருந்தால் அந்த இடங்கள் 700 டிகிரியையும் தாண்டி, இரும்பின் உள்ளமைப்பே மாறி இறுகிப்போயிருக்கலாம். லேத்தில் கடைந்தாலும் இறுகல் ஆழத்தில் மிச்சமிருக்கும், நடுக்கம் திரும்பி வரும்.

ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் விரிசலா? அப்படியானால் மலையையும் ஓட்டுநரையும் விட்டுவிட்டுக் காலிப்பரை, அதாவது பேட்களை டிஸ்க்மேல் அழுத்தும் கவ்வியைப் பாருங்கள். காலிப்பர் முன்னும் பின்னும் நகர வழிவிடும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும்; பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்து, வெளிப்பக்கப் பேட் கனமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளஃப், அம்லாங்கா மாதிரிக் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக் காற்று இந்த வேலையை நன்றாகவே செய்யும். டிஸ்க்கின் இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றோட்டத்துக்காக விட்டிருக்கும் இடைவெளிகளையும் துரு அடைத்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் டிஸ்க்கை உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அழகுக்காகத் துளை போட்ட டிஸ்க்கில் விரிசல் துளையிலிருந்து துளைக்குத் தாவும். நடுவில் உள்ள தொப்பிப் பகுதி டிஸ்க்கோடு சேரும் இடத்தில் வளைவாக விரிசல் ஓடினால், அல்லது போல்ட் துளையில் தொடங்கினால், வெப்பத்தைவிடப் பொருத்திய கைமேல்தான் சந்தேகம் போக வேண்டும்: டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் ஹப்பில் துருவைச் சுரண்டாமல் மாட்டியிருப்பார்கள், இல்லை நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் கண்மண் தெரியாமல் இறுக்கியிருப்பார்கள்.

நகத்தால் தடவிப் பார்க்கும்போது மாட்டாத, விளிம்பைத் தொடாத மயிரிழைக் கோடுகளோடு கவனித்துக்கொண்டே ஓட்டலாம். நகம் மாட்டினாலோ, கோடு வெளி விளிம்பையோ உள்ளே உள்ள இடைவெளியையோ எட்டினாலோ வண்டியை நகர்த்தாதீர்கள். கடைவதோ வெல்டிங் வைப்பதோ இதற்கு வழியல்ல. ஒரே அச்சில் உள்ள இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், பேட்களோடு. காலிப்பர் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து, நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.