இம்யூனோமாடுலேட்டர்: காளானுக்கு உரிய தமிழ்ச்சொல் எது?

காளான் பொடி, காளான் மாத்திரை, காளான் கலந்த காபித்தூள் எனப் பலவும் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றின் உறைகளில் ‘இம்யூன் பூஸ்டர்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் அதே காளானுக்கு ‘இம்யூனோமாடுலேட்டர்’ என்று வேறொரு பெயர். தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது’ என்றே பெயர்த்துவிடுகிறோம். இந்தப் பெயர்ப்பு தவறானது. காளானை நம்பி உண்பவரின் உடல்நலத்தையே அந்தத் தவறு தொடக்கூடும் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

முதலில் ‘இம்யூன்’. இதன் வேர் லத்தீன் மொழியின் ‘இம்யூனிஸ்’. அதில் ‘மூனுஸ்’ என்பது கடமை, பொதுப்பணி, அரசுக்குச் செலுத்த வேண்டிய பங்கு. முன்னொட்டு ‘இல்லாத’ என்று பொருள்படும். வரியிலிருந்தும் பொதுப்பணியிலிருந்தும் விலக்குப் பெற்றவரை ரோமானியர்கள் இப்படி அழைத்தார்கள். நம் கல்வெட்டுகளில் வரும் ‘இறையிலி’ இதற்கு அச்சாகப் பொருந்துகிற சொல்: இறை என்றால் வரி, இலி என்றால் இல்லாதது. உடலைப் பற்றிய பொருளும் பழையதுதான். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கவிஞர் லூக்கன், வட ஆப்பிரிக்காவின் ப்சில்லி என்ற குடியினர் பாம்புகளுக்கு நடுவே தீங்கின்றி வாழ்வதைப் பாடும் இடத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். நோய்க்கு விலக்குப் பெற்ற நிலை என்ற மருத்துவப் பொருள் நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில். 1882இல் இலியா மெச்னிகாஃப், நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் முள்ளைச் செருகி, உயிரணுக்கள் அதைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். அந்நியப் பொருளை விழுங்கும் அணுக்களைப் பற்றிய அவருடைய கொள்கைக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. பால் எர்லிக் அதைப் பகிர்ந்துகொண்டார்.

‘மாடுலேட்டர்’ என்ற பின்பாதிதான் நமக்கு முக்கியம். ‘மோடுஸ்’ என்றால் லத்தீனில் அளவு. அதிலிருந்து பிறந்த வினைச்சொல் அளவுக்கு உட்படுத்துவதையும், பாட்டை இசையின் அளவுக்குள் நிறுத்துவதையும் குறித்தது. கூட்டுதல் என்ற பொருள் இதில் எங்குமே இல்லை. மிகுந்ததைக் குறைப்பதும் குறைந்ததை உயர்த்துவதும் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கும்.

தமிழில் இதற்கு ‘சீர்’ இருக்கிறது. யாப்பில் அடியை அளக்கும் உறுப்புக்குச் சீர் என்று பெயர். தாளத்துக்கும் ஒழுங்குக்கும் அதுவே பெயர். திருக்குறளின் 118ஆம் பாட்டில் வரும் ‘சீர்தூக்குங் கோல்’ எடையை நடுநிலையில் நிறுத்தும் துலாக்கோல். அளவு, இசை, சமநிலை மூன்றையும் லத்தீன் வேர் எப்படித் தாங்குகிறதோ அப்படியே சீரும் தாங்குகிறது. எனவே மாடுலேட்டர் என்பதற்குச் ‘சீராக்கி’ என்று சொல்வதே பொருத்தம். ‘மாற்றி’, ‘பண்பேற்றி’ என்ற சொற்களும் புழங்குகின்றன. முன்னது எதை எப்படி மாற்றுகிறது என்று சொல்வதில்லை. பின்னது வானொலி அலைக்குப் பொருந்தும், உடலுக்குப் பொருந்தாது.

இம்யூனிட்டி என்பதற்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நோய்த்தடைக்காப்பு, இலங்கைப் பாடநூல்களில் நிர்ப்பீடனம், பொதுப் பேச்சில் நோய் எதிர்ப்பு சக்தி. கடைசிச் சொல் எல்லாருக்கும் புரியும் என்பது உண்மை. ஆனால் ‘சக்தி’ என்றதும் தொட்டியில் நிரப்பும் நீரைப் போல ஒன்று மனத்தில் எழுகிறது. குறைந்தால் ஊற்றலாம், நிறைய ஊற்றினால் நிறைய நன்மை. உடலின் ஏற்பாடு அப்படிப்பட்டதாக இல்லை. அதில் தாக்கும் அணுக்கள் உண்டு, தாக்குதலை நிறுத்தச் சொல்லும் அணுக்களும் உண்டு. எதைத் தாக்கக் கூடாது என்று அறிவதும் அதன் வேலைதான். அந்த அறிவு பிசகினால் முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்கள் வருகின்றன. தீங்கற்ற மகரந்தத்தைப் பகையாக எண்ணினால் ஒவ்வாமை. இவை இரண்டிலும் தவறான இடத்தில் உடலின் எதிர்வினை மிகுந்துவிடுகிறது. ‘தடுப்பாற்றல்’ என்று நான் எழுதுவதற்குக் காரணம், தடுப்பூசி என்ற சொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருப்பதுதான். ஆக, இம்யூனோமாடுலேட்டர் என்பது தடுப்பாற்றல் சீராக்கி.

இனி காளான். இது தமிழில் நேற்று வந்த பெயரில்லை. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்து நெடுநாளான அடுப்பில் ‘ஆம்பி பூப்ப’ என்று தம் வறுமையைச் சொல்கிறார். ஆம்பி என்பது காளான். சிறுபாணாற்றுப்படையில் ‘காளாம்பி’ என்ற வடிவமும் உண்டு.

காளானைச் சீராக்கி என்று அழைக்கக் காரணம் அதன் உயிரணுக்களின் சுவர். அந்தச் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற நீண்ட சர்க்கரைத் தொடர் இருக்கிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் இதே பெயர் கொண்ட பொருள் உண்டு. ஆனால் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும் முறை வேறு. காளான் வகையில் 1,3 என்ற பிணைப்பில் முதுகெலும்பும் 1,6 என்ற பிணைப்பில் கிளைகளும் இருக்கும். இந்த அமைப்பை நம் வெள்ளணுக்கள் அடையாளம் கண்டுகொள்கின்றன. பெருவிழுங்கணுக்களின் மேற்பரப்பில் டெக்டின்-1 என்ற ஏற்பி இதற்காகவே இருக்கிறது. அதன் பணி 2001இல் தெரியவந்தது. நோய் தரும் கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் சுவரிலும் இதே பொருள் இருப்பதால், அதைக் கண்டவுடன் விழித்துக்கொள்ள உடல் பழகியிருக்கிறது. உண்ணும் காளானின் குளுக்கான் குடல் சுவரை ஒட்டிய தடுப்பாற்றல் அணுக்களைச் சந்திக்கும்போது அந்தப் பழைய அடையாளத்தை நினைவூட்டுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வியப்பளிப்பது இதுதான்.

இது மனித உடலில் எந்த அளவுக்குத் தெரிகிறது? ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 21 முதல் 41 வயது வரையிலான நலமான 52 பேர் நான்கு வாரம் நாள்தோறும் 5 அல்லது 10 கிராம் உலர்ந்த ஷிடாகே காளானை உண்டார்கள். சில தடுப்பணுக்கள் முன்பைவிட நன்றாகப் பெருகின. வாய் நீரில் தடுப்புப் புரதம் ஒன்று கூடியது. அதேவேளை, அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் குறைந்தது. ஒரே உணவு ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தியிருக்கிறது. ‘பூஸ்டர்’ என்ற சொல்லுக்குள் இந்த முடிவை அடக்க முடியாது. ‘சீராக்கி’ அதை அப்படியே சொல்கிறது. ஆனால் இவை இரத்தத்திலும் உமிழ்நீரிலும் கண்ட மாற்றங்கள். இதை வைத்துக் காளான் உண்டால் சளி பிடிக்காது என்று எழுதுவது அவசரம்.

மருந்தாகவே ஏற்கப்பட்ட வரலாறும் உண்டு. ஷிடாகேயிலிருந்து லென்டினான் என்ற குளுக்கானை 1969இல் கோரோ சிஹாராவின் குழு பிரித்தெடுத்தது. ஜப்பானில் 1985இல் இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியுடன் சேர்த்துத் தர அனுமதி கிடைத்தது. டர்க்கி டெயில் காளானிலிருந்து எடுத்த பிஎஸ்கே என்ற மருந்துக்கு அதற்கு முன்பே, 1977இல், அந்நாடு அனுமதி அளித்திருந்தது. லென்டினான் ஊசி வழியாகச் செலுத்தப்படுவது. இரண்டுமே முதன்மைச் சிகிச்சைக்குத் துணையாகத் தரப்பட்டவை. இந்தக் கதையைச் சொல்லி, மாத்திரை டப்பாவில் ‘புற்றுநோயைத் தடுக்கும்’ என்று அச்சிடுவது பெரும் குற்றம் என்றே கருதுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு ரெய்ஷி காளானைப் பற்றி வெளியிட்ட மதிப்பாய்வும், அதைப் புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையாகப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்றுதான் முடித்தது.

உறையைப் படிக்கும்போது இன்னொரு சொல்லிலும் கவனம் தேவை: ‘பாலிசாக்கரைடு’. அது எல்லாவகை நீண்ட சர்க்கரைத் தொடர்களுக்கும் பொதுப்பெயர்; தானிய மாவும் அதில் அடங்கும். சில பொடிகள் காளானின் குடைப்பகுதியில் செய்யப்படாமல், தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழைகளைத் தானியத்தோடு சேர்த்து அரைத்துச் செய்யப்படுகின்றன. அவற்றில் பாலிசாக்கரைடு அளவு உயர்ந்து தெரிந்தாலும் பீட்டா குளுக்கான் குறைவாக இருக்கலாம். உறை பீட்டா குளுக்கானைத் தனியாகக் குறிப்பிடுகிறதா என்று பாருங்கள்.

சமையலறையில் இவ்வளவு கணக்கு வேண்டியதில்லை. மொட்டுக்காளான், சிப்பிக்காளான், ஷிடாகே எல்லாவற்றிலும் குளுக்கான் உண்டு; கொதிக்கும் சூட்டில் அது அழிவதில்லை. வேகவைப்பது கடினமான அணுச்சுவரையும் தளர்த்தும். வேகாத ஷிடாகே சிலருக்குச் சாட்டையால் அடித்தது போன்ற சிவந்த கோடுகளை உடலில் எழுப்பும். வெட்டிய காளானைச் சமைக்கும் முன் சற்று நேரம் வெயிலில் வைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆக மாறும். தடுப்பாற்றலுக்கு இந்த வைட்டமினும் தேவை. காட்டில் முளைத்ததை அடையாளம் தெரியாமல் பறிக்கவே கூடாது. டெத் கேப் காளானின் நஞ்சு சமைத்தாலும் போகாது.

சீராக்கியோடு வரும் சொற்குடும்பத்தையும் குறித்துவைக்கலாம். இம்யூனோஸ்டிமுலன்ட் என்பது தடுப்பாற்றல் தூண்டி. இம்யூனோசப்ரசன்ட் என்பது தடுப்பாற்றல் ஒடுக்கி. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், தன் உடலையே தாக்கும் நோய் உள்ளவர்கள் பலரும் ஒடுக்கி மருந்துகளில் இருக்கிறார்கள். அவர்கள் ரெய்ஷி, டர்க்கி டெயில் போன்றவற்றின் செறிவூட்டிய சாற்றை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மருந்து ஒடுக்க முயல்வதை அந்தச் சாறு தூண்டிவிடலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் ரெய்ஷி பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சாகா காளானில், சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி. அதை நெடுநாள் நிறைய உண்டு சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.