மாக்கோலமும் வாட்டர்கலரும்: காய்ந்த பிறகு தெரியும் நிறம்

வாசலில் மாக்கோலம் போடுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் துணியை நனைத்து, விரல் வழியே வடியவிட்டு இழை இழுப்பார். அப்போது தரையில் கோடு விழுந்ததா இல்லையா என்றே சரியாகத் தெரியாது. கலங்கிய தண்ணீர்த் தடம்போல ஏதோ ஒன்று இருக்கும். கால் மணி நேரம் கழித்து வந்தால் அதே கோடு பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். போடுகிறவர் அப்போதைக்குக் கண்ணை நம்புவதில்லை, கையை நம்புகிறார்.

வெளியில் உட்கார்ந்து வாட்டர்கலரில் மலையோ தோட்டமோ வரைகிறவரின் பாடும் இதேதான். ஈரத்தில் அழுத்தமாகத் தெரிந்த நீலம் காய்ந்ததும் வெளுத்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் தாளைக் குறை சொல்வார்கள், பெயின்ட்டைக் குறை சொல்வார்கள். உண்மையில் மாறியது நிறமியல்ல. நிறமித் துகள்களுக்கு நடுவே இருந்த தண்ணீர் போய், அந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒரு பொருளுக்குள் ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதுதான் அந்த எண்) உள்ள இடைவெளி பெரிதானால் அதிகமாகத் தெறிக்கும், சிறிதானால் பேசாமல் உள்ளே போய்விடும். காற்றுக்கு அந்த எண் 1, தண்ணீருக்கு 1.33, அரிசி மாவுக்குச் சுமார் 1.5. மாவுத் துகளைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்போது இடைவெளி குறைவு. ஒளி துகளைத் தாண்டித் தரைவரை போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் போய்க் காற்று வந்ததும் ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி தெறிக்கிறது, சிதறுகிறது, கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அதுதான் அந்த வெள்ளை. மழையில் மண் கருத்துப்போவதும், நனைந்த வேட்டியில் உள்ளே இருப்பது தெரிவதும் இதே கதையின் மறுபக்கம். வாட்டர்கலரிலும் காகித இழைகளுக்கும் நிறமித் துகள்களுக்கும் நடுவே காற்று திரும்புவதால்தான் நிறம் வெளுக்கிறது. அனுபவசாலிகள் அதைக் கணக்கில் வைத்து, வேண்டியதைவிட ஒரு படி அழுத்தமாகவே பூசுவார்கள்.

வாட்டர்கலர் பெயின்ட் என்பது நிறமித் தூளும் பிசினும்தான். அந்தப் பிசின், நம் கருவேல மரத்துக்கு உறவான ஒரு வேல மரத்தில் வடிவது. பெரும்பகுதி சூடானிலிருந்து வருகிறது. காயாமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின் சேர்ப்பார்கள். தாளில் பூசும்போது கிடைப்பது மிக மெல்லிய படலம். வெளிச்சம் அதைக் கடந்து போய், வெள்ளைத் தாளில் மோதி, மறுபடியும் அதையே கடந்து வெளியே வருகிறது. இரண்டு முறை வடிகட்டிய வெளிச்சம். அதனால் வாட்டர்கலரில் விளக்கு என்றால் அது தாள்தான். வெயில் பட்ட வெள்ளைப் பூ வேண்டுமானால் அந்த இடத்தைப் பூசாமல் விட்டுவைக்க வேண்டும். விட மறந்தால் போனது போனதுதான்.

சரி, தண்ணீர் போக எவ்வளவு நேரமாகும்? வீட்டுக்குள் வரைகிறவருக்கு இது பெரிய கேள்வியில்லை. வெளியில் பாதிப் படத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மூடுபனிக் காலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். காற்றில் இன்னும் நீராவிக்கு மிச்சமிருக்கும் இடத்தை அழுத்தக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 0.17 கிலோபாஸ்கல். மதுரை யானைமலை அடிவாரத்தில் மே மாதம், 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அதே இடம் 5 கிலோபாஸ்கலைத் தாண்டும். முப்பது மடங்கு! காற்றின் வேகம், ஊரின் உயரம் என்று வேறு கணக்குகளும் உண்டு. ஆனாலும் ஊட்டியில் வானத்தைப் பூசிவிட்டு ஒரு டீ குடித்து வந்தாலும் ஈரமாகவே இருக்கும். யானைமலையில் தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள் வானம் காய்ந்திருக்கும்.

வேகமாகக் காய்ந்தால் என்ன நஷ்டம்? மேசையில் சிந்திய காபியைத் துடைக்காமல் விட்டால் நடுவில் வெளிறி, ஓரத்தில் கருவளையம் வருமே, அதுதான் நஷ்டம். 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இந்த வளையத்துக்கு விளக்கம் சொன்னார்கள். துளியின் ஓரம் பரப்பின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு நகராது. ஆனால் ஆவியாதல் ஓரத்தில்தான் அதிகம். இழந்த தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓயாமல் ஓட்டம் நடக்கிறது, துகள்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போய் அங்கே குவிக்கிறது.

அகலமான இடத்தை நீர்த்த நிறத்தால் ஒரே சீராகப் பூசுவதை ஓவியர்கள் ‘வாஷ்’ என்பார்கள். அது இந்த ஓரத்தோடு நடத்தும் ஓட்டப் பந்தயம். பலகையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, முதல் பட்டையைப் பூசியதும் அதன் அடியில் ஒரு நீர்க்கோடு திரளும். அது காய்வதற்குள் அடுத்த பட்டை அதைத் தொட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். தொட்டுவிட்டால் வானம் ஒரே சீராக இறங்கும். தவறினால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு காபி வளையம், வானத்தில் படிக்கட்டு. பாதி காய்ந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் விழுந்தால் கதை வேறு: புதுத் தண்ணீர் நாலாபுறமும் பரவி, நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் மாதிரி ஒரு பூவை விரித்துவிடும். அதை மரமாகவோ மேகமாகவோ மாற்றிவிட்டு, திட்டமிட்டுத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதும் உண்டு.

அவசரப்படாமல் ஒவ்வொரு வாஷும் காயட்டும் என்று காத்திருக்கலாமே என்றால், சூரியன் விடாது. வானத்தில் அது மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. காலை எட்டு மணிக்குக் கோடு போட்ட மரநிழல் பத்து மணிக்கு அங்கே இல்லை. உச்சி வெயிலிலோ நிழல் காலடியில் சுருண்டுவிடும், மலை தட்டையாகிவிடும். இன்னொன்று, தாளை நேர் வெயிலில் வைத்து வரையவே கூடாது. அந்தப் பளீரில் எந்த நிறமும் வெளிறித் தெரிவதால் கை தானாக அழுத்திப் பூசும். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

இங்கேதான் பாஸ்டல் உதவிக்கு வருகிறது. இதை எண்ணெய்ப் பாஸ்டலோடு குழப்ப வேண்டாம். நான் சொல்வது பொடி உதிரும் சாஃப்ட் பாஸ்டல். நிறமியும் சுண்ணப்பொடியும், குச்சியாகப் பிடித்து நிற்க மட்டும் துளி பிசினும். மாக்கோலத்துக்குப் பக்கத்து வீட்டு உலர்ந்த கோலப்பொடி எப்படியோ, வாட்டர்கலருக்கு இது அப்படி. இதில் தண்ணீரே கிடையாது, துகளைச் சுற்றி ஆரம்பத்திலிருந்தே காற்றுதான். கையில் எடுத்த நிறமே தாளில் கடைசிவரை இருக்கும். ஒளி மேற்பரப்பிலேயே சிதறித் திரும்புவதால் கருப்புத் தாளின் மேல்கூட வெளிர் மஞ்சள் ஒளிரும். பூவுக்கு இடம் விட்டுவைக்கும் கவலையில்லை, கடைசியில் ஒரு தீற்று வைத்தால் போதும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பாஸ்டல் சரிவராது. தோட்டத்தில் ஒரு வாழை இலையைப் பாருங்கள். சூரியன் இலைக்குப் பின்னால் இருந்தால், வெளிச்சம் இலையை ஊடுருவி வந்து மஞ்சள் கலந்த பச்சையாகக் கொளுந்துவிட்டு எரியும். அதே இலை மடிந்து சரியும் இடத்தில், மெழுகுப் பரப்பில் வானம் பிரதிபலித்துச் சாம்பல் நீலமாக மினுங்கும். அங்கே பச்சையே இருக்காது. முதலாவது வடிகட்டிய வெளிச்சம், அதற்கு வாட்டர்கலரே பொருத்தம், ஏனென்றால் அதுவும் அப்படித்தான் ஒளிர்கிறது. இரண்டாவது மேற்பரப்பு வெளிச்சம், பாஸ்டலின் குணம். வாட்டர்கலர் நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் பாஸ்டலை இழுக்கிறவர்கள் இரண்டையும் சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

பாஸ்டலுக்கும் ஒரு ஆபத்து உண்டு. உதிராமல் இருக்க ஃபிக்ஸேட்டிவ் என்ற பசைக் கரைசலைத் தெளித்தால் படம் சட்டென்று மங்கும். துகள்களுக்கு நடுவே இருந்த காற்றை அந்தப் பசை நிரப்பிவிடுகிறது, மாக்கோலம் மறுபடியும் ஈரமான மாதிரி. அதனால் பலர் தெளிப்பதே இல்லை, கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுவிடுகிறார்கள்.

நொடிக்கு நொடி மாறும் வானத்தை வெளியில் நின்று பிடிக்க, காயக் காத்திருக்க வேண்டாத பாஸ்டல் எவ்வளவு வசதி என்பதைப் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் ஓவியர் யூஜின் பூதேன் காட்டினார். மேகங்களையும் அலைகளையும் குவியல் குவியலாகப் பாஸ்டலில் வரைந்து, ஓரத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்துவைத்தார். 1859-இல் அவற்றைப் பார்த்த கவிஞர் போதலேர் அந்தக் குறிப்புகளைப் பற்றித் தனியாகவே எழுதினார்.

பூதேன் காற்றைக் குறித்தது மேகத்துக்காக. நான் தாளின் பின்பக்கம் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறிக்கிறேன். யானைமலைத் தாளில் இருப்பது இவ்வளவுதான்: ‘மே, பகல் 12 மணி, 40 டிகிரி. கிளிசரின் எடுத்துவர மறந்துவிட்டேன். வானத்தில் ஆறு படிக்கட்டு.’