புகையைக் கூட்டுவது காத்திருப்பா, நின்று கிளம்புவதா?

சிவப்பு விளக்கில் காத்திருக்கும்போது வீணாகும் பெட்ரோலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். ஆனால் பல சமயம் அதைவிடச் செலவு வைப்பது, நின்ற வண்டியை மறுபடி வேகத்துக்குக் கொண்டுவருவதுதான். வண்டிகளின் வரத்தைப் பார்த்துத் தானாக நேரத்தை மாற்றும் ‘புத்திசாலி’ சிக்னல்கள் புகையைக் குறைக்குமா என்பதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 116 கிலோ ஜூல். பிரேக் பிடித்து நிறுத்தினால் அதில் பெரும்பகுதி வெப்பமாக மாறிக் காற்றோடு போய்விடும். பச்சை விழுந்ததும் என்ஜின் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டும். பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நின்று கிளம்ப 17, 18 மில்லி பெட்ரோல் ஆகும். ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பதால், இதில் வெளிவருவது ஏறக்குறைய 40 கிராம். அதே கார் என்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா நின்றால் போவது 10 முதல் 15 மில்லிதான். போதாக்குறைக்கு, ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடும்.

ஆகவே ஒரு சிக்னல் புத்திசாலியா என்பதற்கு, எத்தனை வண்டிகளை நிற்காமல் அனுப்புகிறது என்பதே என் அளவுகோல்.

சரி, எப்படி அனுப்புகிறது? சாலைக்கு அடியில் பதித்த கம்பிச்சுருள் மேல் வண்டி வந்தால் சுருளின் மின்தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) மாறும். அதை வைத்தோ, கேமராவை வைத்தோ வண்டிகளைக் கணினி எண்ணுகிறது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை வினாடி பச்சை என்று முடிவு செய்கிறது. அதைவிட முக்கியம், அடுத்தடுத்த சிக்னல்களுக்கு இடையிலான நேர வித்தியாசம். இரண்டுக்கும் நடுவே 500 மீட்டர், வேகம் மணிக்கு 40 கி.மீ. என்றால் இரண்டாவது சிக்னலில் பச்சை 45 வினாடி தாமதமாக விழ வேண்டும். அப்போது கூட்டமாகக் கிளம்பிய வண்டிகள் நிற்காமல் கடந்துவிடும். இதற்குப் பச்சை அலை என்று பெயர். இரு திசைக்கும் ஒரே சமயத்தில் இதை அமைப்பது கஷ்டம். தவிர, போகப் போக வண்டிக்கூட்டம் கலைந்துவிடும். அதனால்தான் நேரத்தை ஒருமுறை குறித்துவிட்டால் போதாது, ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சிட்னியில் 1970களிலேயே இப்படித் தானாக நேரத்தை மாற்றும் ஏற்பாடு வந்துவிட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2012இல் ஒன்பது சந்திப்புகளில் இதைச் சோதித்தபோது காத்திருப்பு சுமார் 40 சதவீதமும், மதிப்பிடப்பட்ட புகை சுமார் 21 சதவீதமும் குறைந்தன.

இந்த எண்கள் சந்திப்புகளைக் கடந்த வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். போக்குவரத்து சீரானால் அதுவரை அந்தச் சாலையைத் தவிர்த்தவர்களும் வண்டியை எடுப்பார்கள். மிச்சமான புகையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். ஆகவே வண்டிகளை மட்டும் எண்ணும் ஏற்பாட்டைவிட ஆட்களை எண்ணும் ஏற்பாடே எனக்கு நியாயமாகப் படுகிறது. 50 பேரோடு பஸ் நெருங்கும்போது பச்சையைச் சில வினாடி நீட்டிக்கும் வசதி இப்போதே பல நகரங்களில் இருக்கிறது. கனமான பஸ் ஒருமுறை நிற்காமல் போனால் மிச்சமாகும் எரிபொருள், காரைப் போலப் பல மடங்கு.