ரீமிக்ஸ்

திருகோணமலையில் கலியாண வீடு முடியப்போகும் நேரம் பாண்ட்காரர் பைலா என்ற நம்மூர்த் துள்ளல் பாட்டைத் தொடங்கினால் பெரியம்மாமாரும் எழும்பி ஆடுவார்கள். பைலா என்ற பெயரே போர்த்துக்கேயரின் ஆட்டச் சொல்லில் இருந்து வந்ததுதானே! ‘சுராங்கனி’ கட்டாயம் வரும். சிலோன் மனோகர் பாடி, தமிழ்நாட்டையும் ஆடவைத்த பாட்டு. நடுவில் ஒரு சினிமாப் பல்லவியைச் செருகினால் பக்கத்து மேசைக்காரர் “நல்ல ரீமிக்ஸ்” என்பார். நல்லதுதான். ஆனால் அது ரீமிக்ஸ் இல்லை.

‘மிக்ஸ்’ லத்தீன் வழி வந்த சொல், கலத்தல் என்று பொருள். ‘ரீ’ என்றால் மறுபடி. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல், மேளம், கிற்றார் எல்லாம் தனித்தனித் தடங்களில் பதிவாகும். ஒன்றை ஏற்றி இன்னொன்றை இறக்கிச் சேர்ப்பது மிக்ஸ். அதே தடங்களைத் திரும்ப எடுத்து வேறு விதமாகக் கலந்தால் ரீமிக்ஸ். ஜமைக்காவில் கிங் டபி போன்ற ஒலிப்பதிவுக் கலைஞர்கள் குரலை அமத்தி, மேளத்தையும் பேஸையும் முன்னுக்குக் கொண்டுவந்து 1970களில் இதை ஒரு கலையாகவே ஆக்கினார்கள்.

ஆக, பழைய பதிவு உள்ளே இருக்கவேண்டும். 1970இல் வந்த ‘சொர்க்கம்’ படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ 2007இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் திரும்ப வந்தபோது எல்லாரும் ரீமிக்ஸ் என்றோம். பாடியது புதுக் குரல். கறாராகப் பார்த்தால் அது மீள்பாடல்.

பழைய மெட்டில் புதுச் சொற்களைக் கட்டுவதையும் சிலர் ரீமிக்ஸ் என்கிறார்கள். இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். நம்மிடம் ‘வர்ணமெட்டு’ என்ற சொல்லே இருக்கிறது. பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று போட்டிருப்பார்கள், வாசிப்பவர் உடனே பாடத் தொடங்கலாம். இன்னும் பின்னே போனால், கோணேசர் கோயிலில் நாம் பாடும் ‘நிரைகழல் அரவம்’ பதிகத்துக்கும் மதுரைக்குச் சம்பந்தர் பாடிய ‘மங்கையர்க்கரசி’ பதிகத்துக்கும் பண் ஒன்றே, புறநீர்மை. பண்ணும் மெட்டும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் ஓர் இசை வார்ப்பில் பல பாட்டுகளை ஊற்றுவது நமக்குப் புதிதில்லை.

ரீமிக்ஸுக்கு நேர்ச் சொல் மறுகலவை. புதுச் சொல் கட்டினால் மெட்டுப்பாட்டு. அப்புறம் அந்தக் கலியாண வீட்டுப் பைலா? பல பாட்டுகளைத் தொடுத்தது, ஆகவே கதம்பம். அடுத்த முறை “தம்பி, இன்னொரு கதம்பம் போடுங்கோ” என்று கேட்டுப் பார்க்கவேண்டும். பூக்காரரைக் காட்டுவாரோ தெரியாது.